தகப்பன் பேரோட

உழவர்கரையா ஊரு உங்களுக்கு. அப்படியா. உக்காருங்க தம்பி. அந்த முக்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஊனம். இந்த நாற்காலியில உக்காருங்க. துணியை இப்படித் தள்ளிடறேன். தையக்காரன் வீட்ல துணி கெடக்காத எடம் கெணறு ஒண்ணுதான்.

பரீதா, ரெண்டு டீ கொண்டாம்மா. எம் மவ. ஆமா, நீங்க கேட்டு வந்த எம் மவனுக்கு எளையவ.

என்னா சொன்னீங்க, எம் மவன் ஹிதாயத்துல்லாவோட ஒரே கம்பெனியில மூணு வருஷம் இருந்தீங்க. அல்ஜேரி மலையில. பிரெஞ்சு சர்க்காருக்கு ரெண்டு பேருமா சொல்தாவா துப்பாக்கி தூக்கி நின்னீங்க. கேக்க சந்தோசமா இருக்குது. சந்தேகமாவும் இருக்குது, தப்பா எடுத்துக்காதீங்க. சிநேகிதன் வீட்டைத் தேடி வர்றவரு முல்லா வீதிக்குள்ள நுழைஞ்சா நேரா வந்து கதவைத் தட்டுவாரு. நீங்க முனை டீக்கடையில அரை மணி நேரம் நின்னிருக்கீங்க. அப்புறம் தபால்கார பாவாடையை நிறுத்திப் பேசியிருக்கீங்க. பாவாடை நல்ல மனுசன்தான். வாயி மட்டும் தபால்பொட்டி, எப்பவும் தொறந்தே இருக்கும். ஜலால் பாய்க்கு வெளிநாட்டுக் கடுதாசி ஏதும் வருதான்னு கேட்டீங்களாம். உங்களுக்குப் பதில் சொன்ன கையோட எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிட்டான்.

கோவமெல்லாம் இல்ல. கேக்கறது உங்க வேலையா இருக்கும்.

வேலை இல்லைங்கறீங்களா. பட்டாளத்தை வுட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சுங்கறீங்க. சரி. முப்பது வருஷம் இந்த ஊரு சிப்பாய்ங்களுக்குச் சட்டை தச்சவன் தம்பி நான். மூஞ்சி பாக்கறதுக்கு முந்தி எனக்குத் தோள்தான் கண்ணுல படும். உங்க சட்டை வெய்யில்ல நல்லா வெளுத்திருக்குது. தோள்ல பட்டை இருந்த எடம் மட்டும் புதுத்துணி மாதிரி பளிச்சுன்னு இருக்குது. நூல் இருந்த ஓட்டைகூட இன்னும் மூடல. ஒரு தடவை தொவைச்சு இஸ்திரி போட்டாலே அது மூடிக்கும். போன வாரம் பிரிச்ச பட்டை அது. பிளேடால, அவசரமா.

இப்ப சிரிக்கிறீங்க. சிரிக்கிறப்ப நல்லாதான் இருக்கீங்க.

எந்த ஆபீசுன்னு நான் கேக்கல. போன மாசம் பதினாறாந் தேதியோட இந்த ஊரு காயிதப்படியும் இந்தியாவுக்குப் போயிடுச்சுங்கறாங்க. இருந்தாலும் பழைய சர்க்காருக்கு இங்க இன்னும் ஒரு மேசை இருக்குது, மேசை மேல ஒரு கோப்பு இருக்குது, கோப்புக்குள்ள எம் மவன் இருக்கான். ரெண்டு வருஷமா ஓடிப்போனவன்னு இருக்கான். அவன் உயிரோட எங்கயாவது இருந்தா புடிச்சு விசாரிக்கணும். இல்லேன்னா கோப்பை மூடணும். அதுக்குத்தான வந்திருக்கீங்க. உங்களுக்கு முன்ன ரெண்டு தடவை ஆளு வந்துட்டுப் போயிட்டாங்க. அலமாரியைக் கொடைஞ்சாங்க, பரணையில ஏறினாங்க, தண்ணித் தொட்டிக்குள்ள குச்சி வுட்டுக் கலக்கிப் பாத்தாங்க. ஆறடி ஆளை நான் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டிருக்கேன்னு நெனச்சாங்களோ என்னமோ.

மெதுவாப் பேசுங்க. உள்ள அவன் அம்மா இருக்காங்க, பதுருன்னிசா. காது நல்லாக் கேக்கும்.

டீ குடிங்க. சக்கரை போதுமா? நம்ம பிள்ளை ரெண்டு கரண்டி போட்டுக் குடிப்பான்.

மூணு கரண்டியா. ஆமா, மூணுதான். சும்மா கேட்டுப் பாத்தேன். அப்ப நீங்க அவனோட இருந்தது நெசம்தான். அதுல பொய் இல்ல.

அவன் கப்பல் ஏறினது அம்பத்திமூணுல. இந்த ஊரு பிள்ளைங்க ஏறாத கப்பலா. மொதல்ல சைகோன். அங்க சண்டை முடிஞ்சதும் அப்படியே அல்ஜேரிக்கு அனுப்பிட்டாங்க. ஒரு வேடிக்கை பாருங்க. அம்பத்திநாலு நவம்பர் ஒண்ணாந் தேதி இங்க கொடி மாறுச்சு. அதே நாள்ல அங்க எங்க நாட்டை எங்ககிட்ட குடுங்கன்னு மொதத் துப்பாக்கி வெடிச்சுதாம். இங்கயும் அதுக்கு முன்ன கல்லு பறந்துச்சு, மண்டை ஒடஞ்சுச்சு, இல்லேங்கல. ஆனாலும் கடைசியில மேசை போட்டு உக்காந்து முடிச்சுக்கினாங்க. அங்க ஏழு வருஷம், எட்டு வருஷம் சாவு. இவன் சொந்த ஊரு பிரெஞ்சுக்காரங்க கையை வுட்டுப் போயிடுச்சு, இவன் அவுங்க துப்பாக்கியைத் தூக்கிக்கினு இன்னொருத்தன் ஊரைக் காவல் காக்கறான். எதுத்தாப்பல நிக்கறவன் யாரு? அஞ்சு வேளை தொழறவன். இவன் எந்தப் பக்கம் மூஞ்சி திருப்பித் தொழுவானோ அதே கஃபாவைப் பாத்துத் தொழறவன்.

நான் ஏன் போக வுட்டேன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்வியை நானே நெறைய கேட்டுட்டேன்.

அவனுக்கு அங்க என்னா வேலை குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரியலேன்னு தலையாட்டாதீங்க. மூணு கரண்டி சக்கரை தெரிஞ்சவருக்கு இது தெரியாதா. அந்தப் பக்கத்து ஆளுங்க செத்து வுழுந்தா பொதைக்கணும். கம்பெனியில முஸ்லிம் இவன் ஒருத்தன். நீ போயிப் பொதைன்னுட்டாங்க. அவுங்களுக்கு அது குப்பை வார்ற வேலை. இவன் அப்படிச் செய்யல. தண்ணி கெடைச்சா குளிப்பாட்டுவான், இல்லேன்னா மண்ணைத் தொட்டுத் தடவுவான். கிப்லா பக்கம், கஃபா இருக்கற தெசையைப் பாத்துப் படுக்க வெப்பான். தனியா நின்னு ஜனாஸா தொழுவான். தூரத்துல மறைஞ்சு நின்னு பாத்துக்கினு இருந்த அந்த ஊருக் கெழவருங்க, ரெண்டாந் தடவை, மூணாந் தடவை கிட்ட வந்து பின்னால நின்னுட்டாங்களாம். அப்படி எழுதியிருந்தான். அத்தா, இன்னிக்கு எனக்குப் பின்னால நாலு பேரு நின்னாங்கன்னு. ஏதோ பரிச்சையில பாசான மாதிரி எழுதியிருந்தான்.

எங்க வழக்கம் ஒண்ணு சொல்றேன். செத்தவங்களுக்காக வியாழக்கிழமை பொழுது சாய்ஞ்சதும் யாசீன் ஓதி துஆ கேப்போம். கேக்கறப்ப பேரைச் சொல்லிக் கேப்போம். இன்னாரு மவன் இன்னாருக்கு இது போயிச் சேரட்டும்னு. மறுமையில மனுசனைத் தகப்பன் பேரோட சேத்துத்தான் கூப்பிடுவாங்க. வெறும் அஹ்மதுன்னா எந்த அஹ்மது? நான் அவனுக்கு எழுதினேன். பிள்ளே, நீ அடக்கம் பண்றவங்க பேரை எனக்கு அனுப்பு. அங்க அவுங்களுக்காக ஓத ஆளு இருக்குதோ இல்லியோ, இங்க உன் வீட்ல நாங்க ஓதறோம்னு.

அனுப்பினான். மொதக் கடுதாசியில அஞ்சு பேரு. அஹ்மது, அலி, யூசுபு, இன்னும் ரெண்டு.

நான் எப்படிப்பட்டவன்னு இந்தத் தெருவுல கேளுங்க. நபி பொறந்த மாசத்துல பன்னண்டு நாளும் இங்க காப்பியம் வாசிக்கறவன் நான். ஒரு சீர் நழுவினா அந்தச் செய்யுளை மறுபடி மொதல்லேருந்து வாசிப்பேன். கேக்கறவங்க கொட்டாவி வுட்டாலும் வுடமாட்டேன். அந்த அஞ்சு பேரைப் பாத்ததும் எனக்கு மனசு ஒப்பல. திருப்பி எழுதினேன். பேரு மட்டும் போதாது, தகப்பன் பேரு வேணும். அது மட்டுமா. தமிழ் எழுத்துல எழுதினா உச்சரிப்பு பிசகுது, பேரை அரபு எழுத்துல எழுதி அனுப்புன்னேன். அவனுக்குச் சின்னதுல மதரஸாவுல நான்தான் பக்கத்துல உக்காந்து அந்த எழுத்தைப் பழக்கினேன். அழகா எழுதுவான்.

அப்புறம் அவன் அந்தக் கெழவருங்ககிட்ட போயிக் கேட்டிருக்கான். பாதி அரபு, பாதி பிரெஞ்சு, பாதி கை ஜாடை. இவரு யாரு மவன்? துப்பாக்கி புடிச்ச ஒருத்தன் வந்து அப்படிக் கேட்டா வேற எவன்கிட்டயும் சொல்லமாட்டாங்க. இவன் தொழுததைப் பாத்தவங்க, அதனால சொன்னாங்க. சிலரு, எம் மவன்தாம்பா இவன்னே சொல்லியிருக்காங்க. சாலிஹ்னு ஒரு பெரியவரு. அஹ்மதோட தகப்பன். ரெண்டு தடவை நிறுத்திச் சொன்னாராம், எழுத்து தப்பாயிடக் கூடாதுன்னு. என்னைப் போல ஆளு போல.

அப்படி மாசம் ரெண்டு, மாசம் மூணுன்னு பேரு வரும். நான் எழுதி வெச்சுக்கினு…

என்னா சொன்னீங்க?

இல்ல, இப்ப என்னமோ சொன்னீங்களே. பச்சை நூலுன்னு.

தம்பி, கடுதாசியில பேரு வந்துச்சுன்னுதான் நான் சொன்னேன். நோட்டுன்னு நான் இன்னும் வாயே தெறக்கல. அவன்கிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு, சட்டைத் துணியில உறை போட்டு, நான் அனுப்பின பச்சை நூலால தச்சு, தலகாணி உறைக்குள்ள வெச்சிருந்தான். அது அவனுக்குத் தெரியும். எழுதினதால எனக்குத் தெரியும். அதை அங்கேருந்து எடுத்து அதிகாரிகிட்ட குடுத்தவனுக்குத் தெரியும்.

டீ ஆறுது, குடிங்க. எழுந்திரிக்காதீங்க. பரீதா, நீ உள்ள போம்மா. அம்மா தொழறதுக்கு ஒளு செய்யணும், தண்ணி எடுத்து வை.

குடிக்க முடியலேன்னா வுட்டுடுங்க. கிளாசைக் கீழ வெச்சிடுங்க.

அத்தா, நம்ம ஊரு ஆளு ஒருத்தன் நோட்டை எடுத்துக் குடுத்துட்டான்னு எழுதியிருந்தான். பேரு எழுதல. ரெண்டு வருஷமா நான் தெருவுல போற ஒவ்வொரு பழைய சொல்தாவோட மூஞ்சியையும் பாத்துக்கினு இருக்கேன். கடற்கரையில உக்காந்திருக்கறவன், ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறவன், சாரம் கிராமத்துல பேரன் பேத்தியோட கட்டில் போட்டுப் படுத்திருக்கறவன். இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு. உங்களை வாசல்ல பாத்தப்பகூட அந்தக் கணக்குலதான் பாத்தேன். ஆனா நெசமா நெனைக்கல. செஞ்சவன் வீட்டைத் தேடி வருவான்னு யாரு நெனைப்பா.

எதுக்குக் குடுத்தீங்க? பயம். ம். இவன் அவுங்களோட பேசறான், நோட்டுல என்னமோ எழுதறான், நாளைக்கு ஏதாவது ஆனா இவனோட படுத்திருந்த நம்மளையும் சேத்துக் கேப்பாங்கன்னு. சரிதான். பயந்தவன் பொய் சொல்லமாட்டான், நம்பறேன். உங்களுக்கு அதுல என்னா இருக்குதுன்னு படிக்கத் தெரியாது. அதையும் நம்பறேன்.

ஆனா அதிகாரிகிட்ட படிக்கிற ஆளு இருந்தான். அரபு தெரிஞ்ச மொழிபெயர்ப்புக்காரன். தமிழ்ல எழுதியிருந்தா அந்த மலையில ஒரு ஜீவனுக்கும் புரிஞ்சிருக்காது. மொத்தம் நாப்பது பேரு அதுல. சாலிஹ் மவன் அஹ்மது. இத்ரீஸ் மவன் யூசுபு. முஸ்தபா மவன் அலி. இப்படி நாப்பது. எதுத்து நின்னு சுட்டவன் எந்த வீட்டுப் பிள்ளைன்னு மூணு வருஷமா அவுங்க அடிச்சும் ஒதைச்சும் கேட்டு ஒருத்தனும் வாய் தெறக்கல. எம் மவன் கையைக் கட்டிக்கினு நின்னு, மரியாதையாக் கேட்டு, அழகா எழுதி வெச்சிருந்தான்.

பதினோரு வீடு. நீங்களும் போனீங்களா அன்னிக்கு? போனீங்க. அப்ப நான் சொல்ல வேண்டியதில்ல. சீமெண்ணெய் டின்னைத் தூக்கிக்கினு போன ஆளுங்கள்ல எம் மவனும் ஒருத்தன். எந்த வீடு யாருதுன்னு அவனுக்குத் தெரியாது. பேரைச் சத்தம் போட்டுப் படிச்சாங்களாம், படிக்கப் படிக்க ஒவ்வொரு கெழவனா வெளிய வந்தாங்களாம். சாலிஹ் வெளிய வந்தப்ப இவனைப் பாத்தாரு. திட்டல. துப்பல. நீ என் பிள்ளைக்கு ஓதறதுக்குத்தான கேட்டேன்னு மட்டும் கேட்டாராம்.

அத்தா, அவருக்கு நான் என்னா பதில் சொல்லட்டும்னு எழுதியிருந்தான். அதுதான் எனக்கு அவன் எழுதின கடைசிக் கேள்வி.

நான் பதில் எழுதல தம்பி. எழுத உக்காந்தேன். எழுத வரல. நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் அந்தப் பக்கம் போயிட்டான்னு இங்க சேதி வந்துடுச்சு.

உங்க மேல கோவம் இருக்குதான்னு கேக்கறீங்களா? இருந்துச்சு. யாருன்னு தெரியாத வரைக்கும் இருந்துச்சு. நீங்க நோட்டை எடுத்துக் குடுத்தீங்க. நோட்டுல தகப்பன் பேரு எப்படி வந்துச்சு? அரபு எழுத்து எப்படி வந்துச்சு? பேரு மட்டும் அனுப்பினான் அந்தப் பிள்ளை மொதல்ல. அஹ்மது, அலி, யூசுபு. அதோட வுட்டிருந்தா அந்த ஊர்ல முந்நூறு அஹ்மது. யாரு வீட்டை எரிப்பாங்க? அல்லாவுக்கு எந்த அஹ்மதுன்னு தெரியாமப் போயிடுமா? எனக்குத்தான் தெரியணும்னு இருந்துச்சு. ஒரு சீர் நழுவக் கூடாதுன்னு இருந்துச்சு. பதினோரு வீட்டுக்கும் இங்க முல்லா வீதியில தையல் மிசின் முன்னால உக்காந்துக்கினு நெருப்பு வெச்சவன் நான். நீங்க கையை மட்டும் குடுத்தீங்க.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவன் அம்மாகிட்டயும் இல்ல. மவன் ஏன் ஓடினான்னு கேட்டா அங்க ஏதோ சண்டைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

அந்தக் கடுதாசிக்கு வர்றேன். நீங்க அதுக்குத்தான வந்தீங்க. அல்ஜேரிக்கு அடுத்த நாட்டு துனீஸ் முத்திரை போட்டு ஒண்ணு வந்துச்சுன்னு பாவாடை சொன்னது நெசம். போன வருஷம் நோன்பு மாசத்துக்கு அப்புறம் வந்துச்சு. இந்த சட்டைக்குள்ளதான் இருக்குது, உள்பையில. நானே தச்ச பை. தேடி வந்த ஆளுங்க அலமாரியைக் கொடைஞ்சாங்க, என்னைத் தடவிப் பாக்கல.

குடுக்கமாட்டேன். வேணும்னா படிச்சுக் காட்டறேன், நீங்க கோப்புல எழுதிக்கங்க. பெரிசா ஒண்ணும் இல்ல. அரபுல ஒரே வரி. எழுதினவரு பேரு இல்ல.

ஜலால் மவன் ஹிதாயத்துல்லா. அவருக்காக நாங்க தொழுதோம்.

அவ்வளவுதான். நாளு இல்ல, எடம் இல்ல, எப்படி வுழுந்தான்னு இல்ல. ஆனா என் பேரு இருக்குது பாருங்க. அந்தப் பக்கம் போன அன்னிக்கே கேட்டிருப்பாங்க போல, நீ யாரு மவன்னு. இவனும் நிறுத்திச் சொல்லியிருப்பான். ஒரு எழுத்துப் பிசகல.

மூடிக்கங்க கோப்பை. ஓடிப்போனவன்னு வேணும்னா இருக்கட்டும், எனக்கு அதுல வருத்தம் இல்ல.

அவன் அம்மாவா? அதைத்தான் சொல்ல வந்தேன். அவன் செத்தது அவுங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, எங்க சுத்தினாலும் நான் எழுதின கடுதாசியில வந்து நிக்கும். அதனால ஒவ்வொரு வியாழனும் இந்தக் கூடத்துல உக்காந்து நாப்பது பேரையும் சத்தமாச் சொல்லுவேன், கதவுக்கு அந்தாண்டேருந்து பதுருன்னிசா பேருக்குப் பேரு ஆமீன் சொல்லுவாங்க. நாப்பத்தொண்ணாவதா அவன் பேரை மட்டும் வாயை மூடிக்கினு மனசுக்குள்ள சொல்லிடுவேன். ஒன்றரை வருஷமா இப்படி. ஒரு சீரை வுடாதவன் ஒரு பேரை முழுங்கிக்கினு இருந்தேன்.

போன வியாழன், நாப்பதாவது பேரு முடிஞ்சுது. வாயை மூடிக்கினேன். மனசுக்குள்ள சொன்னேன். சொல்லி முடிக்கிற நேரத்துக்குச் சரியா அந்தாண்டேருந்து ஒரு ஆமீன் வந்துச்சு.

யாரு சொன்னாங்க, எப்பலேருந்து தெரியும், நான் கேக்கல. அவுங்களும் என்னைக் கேக்கல.

பாங்கு சொல்றாங்க பாருங்க. இன்னிக்கும் வியாழந்தான். இன்னிக்கு வாய் வுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன், என் பேரோட சேத்து. நீங்க போறதுன்னா போங்க தம்பி, கதவு தொறந்துதான் இருக்குது. இருக்கறதுன்னா பூட்சைக் கழட்டி வெளிய வெச்சிட்டு வாங்க.